எலும்பென்றால் நாக்கில் ஒட்டும்

மிஸ் ஒரு எலும்புத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்ததை முதன்முதல் கண்ட அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு துண்டு. சாம்பல் நிறம். ஒரு பக்கம் மண் அப்பியிருந்தது. சல்லடையிலிருந்து எடுத்தார், சேலைத் தலைப்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார், நாக்கை நீட்டி நுனியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். துண்டு விழவில்லை. நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படியே என் பக்கம் திரும்பிக் கண்ணால் சிரித்தார். பனியுகத்தில் செத்துப்போன ஏதோ ஒரு பிராணியின் எலும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் வாயில்! "சீ!" என்று என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மேலதிகாரியைப் பார்த்துச் "சீ" என்று சொன்ன ஆள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் கோபிக்கவில்லை. துண்டை எடுத்து வெள்ளைக் கடதாசியில் வைத்தார். "எலும்பெண்டா நாக்கில ஒட்டும். கல்லெண்டா வழுக்கும். எலும்புக்குள்ள சின்னச் சின்ன ஓட்டை நிறைய இருக்குதானே, அது எச்சிலை உறிஞ்சும். இதுக்கு மிஷின் ஒண்டும் தேவையில்லை, ஆர்ட்டிஸ்ட் அம்மா. ஆண்டவர் தந்த மிஷினே காணும்." அன்றைக்கு வைத்த பெயர்தான். கடைசிவரை நான் அவருக்கு ஆர்ட்டிஸ்ட் அம்மா.

நான் வெள்ளவத்தை ஆள். சுத்தம் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. எங்கே போனாலும் சொந்தத் தண்ணீர்ப் போத்தல், சொந்தக் கரண்டி. பிறர் குடித்த கோப்பை என்றால் இரண்டு தரம் கழுவினாலும் மனம் ஆறாது. "நீ சுத்தம் பார்த்தே ஒரு நாள் வருத்தக்காரியாகி ஆஸ்பத்திரியில கிடக்கப் போறாய்" என்று என் கணவர் திட்டுவார். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு நாற்பது வயதைத் தாண்டியபிறகு இந்த வேலை கிடைத்தது. நிலத்தைத் தோண்டிப் பழைய மனிதரின் தடயம் தேடும் அலுவலகம். அங்கே கல்லாயுதம், சிப்பி, பல், எலும்பு எல்லாவற்றையும் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து வரைந்து கொடுப்பது என் வேலை. படம் பிடிக்கக் கமரா இல்லையா என்று கேட்பீர்கள். கமரா நிழலையும் அழுக்கையும் சேர்த்தே பிடிக்கும். கல்லின் எந்த விளிம்பு மனிதக் கையால் உடைந்தது, எது தானாக உடைந்தது என்று கோடு போட்டுக் காட்ட ஒரு கை வேண்டும்.

மிஸ் எங்கள் பிரிவுக்குத் தலைவி. அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறவிடமாட்டார். திங்கட்கிழமை வந்து, மனித இனம் எப்படி உருவானது என்று மூன்று பாஷையிலும் விளக்குவார். ஊரில் யாரோ ஒரு கன்னியாஸ்திரி, "அப்ப ஆதாம் ஏவாள் கதை என்னாகிறது?" என்று கேட்டாராம். "ஆதாமுக்கும் பசிச்சிருக்கும்தானே சிஸ்டர்? அவர் என்ன சாப்பிட்டார் எண்டுதான் நான் தேடுறன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதை எங்களுக்குச் சொல்லும்போது மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று வெற்றிலை. படித்த பெண், பட்டங்கள் வாங்கிய பெண், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மூக்கில் கண்ணாடி, வாய் நிறையச் சிவப்பு. பொருத்தமே இல்லை. அந்தப் பழக்கம் வந்த வழியையும் அவரே சொன்னார். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்காட்டுக் குகைகளில் தோண்டப் போவதென்றால் முதலில் ஊராரிடம் போக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. விகாரையில் பிக்குவுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் கொடுத்து அனுமதி கேட்பதுதான் மரியாதை. அவர்கள் திருப்பி ஒரு வாய் மடித்துத் தருவார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் மாறிவிடும். இப்படித் தொடங்கியது. பிறகு குகைக்குள், மழை கொட்டும் பின்னேரங்களில், காலில் அட்டை ஏறும் குளிரில், தோண்டுகிற எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஒன்றாக இருந்து வெற்றிலை போடுவார்கள். மிஸ்ஸும் அவர்களோடு இருப்பார். குகையில் பழகியது கொழும்புக்கும் கூடவே வந்துவிட்டது. கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையிலிருந்து தினமும் காலையில் வெற்றிலை வாங்கிப் பித்தளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவார். "இதை விடுங்கோ மிஸ், நாக்குத்தானே உங்கட மிஷின், அதைப் பழுதாக்காதேங்கோ" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "மிஷினுக்கு எண்ணெய் போட வேணும் ஆர்ட்டிஸ்ட் அம்மா" என்றார். இதற்குமேல் என்ன சொல்ல?

சனிக்கிழமைகளில் சேலை வாங்க வெள்ளவத்தைக்கு வந்தால் என் வீட்டுக்கும் வருவார். தேநீர் குடித்துவிட்டு இருவரும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவோம். பனியுகத்தை நான் படித்தது அந்தக் கடற்கரையில்தான். தூரத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். "அந்தா, அந்தக் கப்பல் நிக்கிற இடம் ஒரு காலம் தரை" என்பார். "தண்ணியெல்லாம் வடக்க ஐஸாக் கட்டிக்கிடந்தது, மலை மலையா. கடல் கீழ போயிட்டு. அப்ப ராமேஸ்வரம் போகப் பாஸ்போட்டும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். ரெண்டு காலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தாக் காணும்." அப்படியென்றால் இங்கேயும் பனி பெய்ததா என்று நான் கேட்டேன். "எங்களுக்கு ஐஸ் வரேல்ல. எங்களுக்கு வந்தது மழைக் குறைவு. காத்துப் போக்கு மாறிச்சு, காடு சுருங்கிச்சு. சுருங்கின காட்டுக்குள்ளயும் மனிசர் இருந்திருக்கிறாங்க. குரங்கு பிடிச்சு, நத்தை பொறுக்கி, கெக்குணெண்டு ஒரு காட்டுக் கொட்டை உடைச்சுத் திண்டு. குரங்கு மாதிரி ஆக்களெண்டு நினைச்சிராதீங்க, அவங்கட மண்டையோடும் உங்கட மண்டையோடும் ஒண்டுதான். உங்களைக் கொண்டுபோய் அங்க விட்டிருந்தா நீங்களும் உங்களுக்கெண்டு சொந்தமா ஒரு கரண்டி செய்திருப்பீங்க."

அவர் வாழ்நாள் முழுவதும் பிடித்த சண்டை இதுதான். அந்தக் காட்டு மனிதர் உயிர் பிழைக்கவே பாடுபட்டவர்கள், அழகு, அலங்காரம் என்று நினைக்க அவர்களுக்கு எங்கே நேரம் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். அதைக் கேட்டாலே மிஸ்ஸுக்கு மூக்குச் சிவக்கும். "பசி மட்டும்தானா மனிசனுக்கு? எங்கட அம்மா அடுப்பில ஒண்டுமில்லாத நாளிலயும் தலைக்குப் பூ வைச்சவ" என்பார். ஆனால் நியாயம் மட்டும் இருந்தால் போதாது, சான்று வேண்டும். அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அந்தச் சான்று கிடைத்தது. கடைசியாகத் தோண்டிய குகையில், பனியுகத்து மண்ணடுக்கில், கடற்சிப்பியில் செய்த ஒரு சின்ன மணி. கடலே கண்ணுக்குத் தெரியாத மலைக்காட்டில் கடலின் துண்டு. நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளே சிவப்பு.

அந்தச் சிவப்புத்தான் எல்லாம். வெறும் ஓட்டை என்றால் வாதம் செய்ய இடமிருந்தது. கடலில் வேறு சில நத்தைகள் சிப்பியைத் துளைத்து உள்ளிருப்பதைத் தின்னும். அந்த ஓட்டையும் வட்டமாக, அழகாகவே இருக்கும். சாப்பிடக் கொண்டுவந்த சிப்பியில் தற்செயலாக ஓட்டை இருந்தது என்று ஒருவர் சொன்னால் மறுக்க வழியில்லை. ஆனால் ஓட்டைக்குள் காவிக்கல்லின் சிவப்புப் பூசியிருந்தால்? நத்தை சாயம் பூசாது. மனிதக் கைதான் பூசியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்து டைரக்டர் துள்ளிக் குதித்தார். புதுக் கண்காட்சிக்கு அந்த மணியையே முகப்பாக வைப்பதென்று முடிவாயிற்று. சிவப்பு மணி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மிஸ் உரையாற்ற ஒரு மண்டபம் எடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு கருத்தரங்குக்கும் அழைப்பு வந்தது. அந்தச் சாயத்தைச் சோதித்துப் பார்க்கலாமே என்று மிஸ் கேட்டபோது, துணுக்கு மிகச் சிறியது, சோதிக்கப் போனால் முழுதும் போய்விடும், கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று டைரக்டர் சொல்லிவிட்டார். மிஸ்ஸும் அரை மனதாக விட்டுவிட்டார். அந்த நாட்களில் அவர் நடையே வேறு. படியேறும்போது பாட்டு முணுமுணுப்பார்.

மணியை வர்ணத்தில் வரைவது என் பொறுப்பு. சுவரளவு பெரிதாக்கிப் போடப்போகிற படம் அது. எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? வடிவம் சுலபமாக வந்தது. நிறம்தான் என்னை வதைத்தது. காவிக்கல்லின் நிறம் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் உண்மையான காவிக்கல் துண்டுகள் இருந்தன, அவற்றையும் வரைந்திருக்கிறேன். அந்த நிறத்தைக் கலந்து வைத்தால் மணியின் பக்கத்தில் அது செத்துப்போய்த் தெரிந்தது. மஞ்சள் கொஞ்சம் சேர்த்தேன், செம்மஞ்சள் சேர்த்தேன். கிழித்தேன், திரும்ப வரைந்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டே அலுத்துக்கொண்டேன். "இதென்ன காவி மிஸ் இது? எந்தக் காவிக்கும் சரிவருகுதில்லை. காவியெண்டா மண் மாதிரி அடங்கிக் கிடக்க வேணும். இது பூசிக்கொண்டு கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி நிக்குது."

மிஸ் அப்போதுதான் ஒரு வாய் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. மடித்ததை வாயில் வைக்காமல் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். என் பக்கம் பார்த்தார், மணி இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு என் சாப்பாட்டைப் பார்த்தார். அன்றைக்கு வல்லாரைச் சம்பல். சாப்பிடும்போது புதிதாகப் பிழிந்தால்தான் ருசி என்று தேசிக்காய்ப் பாதியைத் தனியாகச் சுற்றிக் கொண்டுபோவது என் வழக்கம். "அந்தத் தேசிக்காயைத் தாங்க" என்றார். குரல் அவருடைய குரலாகவே இல்லை.

தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பீரிசு ஒன்றை எடுத்துத் துடைத்தார். ஒரு பக்கத்தில் உண்மையான காவிக்கல்லை உரசி ஒரு பொட்டு வைத்தார். இன்னொரு பக்கத்தில், தன் பெட்டியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து நசுக்கி அதன் சாறு ஒரு பொட்டு. நடுவில், கண்ணாடிக்கு அடியில் ஊசிமுனையால் மணியின் ஓட்டைக்குள்ளிருந்து சுரண்டி எடுத்த ஒரு துகள். மணியின்மேல் தேசிக்காய் படக் கூடாது, சிப்பியைப் புளி தின்றுவிடும். அதனால் துகளை மட்டும் பீரிசில் வைத்தார். அந்த நேரத்திலும் அவருக்கு மணியின் மேல் அத்தனை கவனம். பிறகு மூன்றின் மேலும் ஒவ்வொரு சொட்டுப் பிழிந்தார். வெற்றிலைக் கறை பட்ட உடுப்புக்குத் தேசிக்காய் தேய்க்கிறவர்கள் எல்லாரும் அறிந்த சங்கதி இது. காவிக்கல் அசையவில்லை. வெற்றிலைச் சிவப்பு மெல்ல வெளிறி மஞ்சளாயிற்று. நடுவில் இருந்த துகளும் மஞ்சளாயிற்று.

  மிஸ் பீரிசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான்தான்," என்றார். "அண்டைக்குப் பின்னேரம். எல்லாரும் வெத்தில போட்டிட்டுச் சல்லடைக்குப் போனம். இது வந்திச்சு. எலும்பா சிப்பியா எண்டு நாக்கில வைச்சன். சிப்பியெண்டு கண்டதும் சந்தோசத்தில துடைக்காமலே டப்பாக்குள்ள போட்டன். அடுத்த நாள் திறக்கேக்க காய்ஞ்சு போய்ச் சிவப்பா இருந்திச்சு. அனே, ஐயோ, என்ர வாய்ச் சிவப்பையே நான் ஐஸ் காலத்துச் சிவப்பெண்டு கொண்டாடியிருக்கிறன்."

எனக்கு வந்த அழுகை கோபமாகத்தான் வெளியே வந்தது. அந்த மனுஷி இந்த ஒரு மணிக்காக எத்தனை வருடம் அட்டைக்கடி பட்டிருப்பார்! "ஆருக்குத் தெரியப்போகுது மிஸ்? உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும். சோதிக்கவும் மாட்டினமாம். பேசாமல் விடுங்கோ" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. "ஆர்ட்டிஸ்ட் அம்மா, அந்த மனிசர் எனக்கு ஒரு பொய்யும் சொல்லேல்ல. அவங்க போட்டதை அப்பிடியே போட்டிட்டுப் போயிருக்கிறாங்க. நான் எப்பிடி அவங்கட பேரில பொய் சொல்லுறது?" என்றார். பிறகு எழுந்துபோய் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். டைரக்டரின் அறைக்குள் அவர் போனதும் கதவு சாத்தப்பட்டதும் தெரியும். டைரக்டரின் சத்தம் மட்டும் வெளியே கேட்டது. உரையைத் தள்ளிப்போடலாம், ஏதாவது சாட்டுச் சொல்லலாம் என்றாராம். மிஸ் மறுத்துவிட்டார். மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பும் போயாயிற்று, வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்வேன் என்றாராம்.

மணியை மிஸ் தூரிகையாலும் தண்ணீராலும் கழுவினார். சிவப்புப் போய்விட்டது. மொட்டையாய்க் கிடந்த அதைத் திரும்ப வரையும்படி என்னிடம் தந்தார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேண்டாவெறுப்பாக வரைந்தேன். ஓட்டைக்கு வட்டம் போட்டால் பொருந்தவில்லை. அழித்துத் திரும்பப் போட்டேன், மறுபடியும் பொருந்தவில்லை. "என்ன சனியன் பிடிச்ச மணி இது மிஸ், இப்ப ஓட்டையும் வட்டமில்லை. ஒரு பக்கம் இழுபட்டுக்கிடக்குது" என்றேன். யோசித்துப் பார்த்தால் என் முறைப்பாடுகளால்தான் அந்த அலுவலகத்தில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மிஸ் கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஓட்டையின் ஒரு பக்க விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து ஒரு சிறு பள்ளமாக இறங்கியிருந்தது. கயிறு உராய்ந்த தேய்வு. ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற தேய்வு அல்ல. யாரோ ஒருவர் அதைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்து, ஓடி, குனிந்து, படுத்து எழும்பி, வருடக்கணக்காகத் திரிந்திருக்கிறார். இவ்வளவு நாளும் அந்தப் பள்ளத்தை வெற்றிலைச் சாறு மூடியிருந்தது. நாங்களும் சிவப்பைப் பார்த்த கண்ணால் வேறொன்றையும் பார்க்கவில்லை. மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. "கழுத்தில போட்டிருந்திருக்கு," என்றார். "ஆரோ ஒராள் கழுத்தில போட்டிருந்திருக்கு."

உரை நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. சுவரில் சிவப்பு மணி இல்லை, என் கறுப்புக் கோட்டு வரைபடம்தான். டைரக்டர் முன் வரிசையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். மிஸ் நீலச் சேலையில் மேடையேறி, பித்தளை வெற்றிலைப் பெட்டியை மேசையில் வைத்தார். முதலில் சிங்களத்தில், பிறகு இங்கிலீஷில், கடைசியில் தமிழில், ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னார். இந்த மணியில் சிவப்பு இருந்தது, அது அந்தக் காலத்து மனிதர் பூசியதல்ல, நான் பூசியது, இந்தப் பெட்டியிலிருந்து பூசியது என்றார்.  ஒரு மூலையில் சிரிப்பு எழுந்தது, அது பரவியது. மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தார். நான் கைக்குட்டையைத் தேடினேன். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து நின்றுவிட்டு அவர் தேய்வைக் காட்டினார். "மழை குறைஞ்ச காலம், காடு சுருங்கின காலம், சாப்பாடு தேடுறதே பெரும்பாடான காலம். அந்தக் காலத்தில ஒராள் கடலில இருந்து வந்த இந்தச் சிப்பியைத் தேயத் தேயக் கழுத்தில போட்டிருக்கிறார். இதைச் சாப்பிட ஏலாது. இதால குரங்கும் பிடிக்க ஏலாது. பிறகேன் போட்டார்? வடிவெண்டுதான், அழகுக்குத்தான்! இது போதாதெண்டு நினைக்கிற ஆக்கள் நினைக்கட்டும். என்ர கண் கண்டதை நான் சொல்லியிட்டன்." கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நிற்கவில்லை. நான் என் கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டியவர்கள் எல்லாரும் அவர் பக்கம் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கண்காட்சி முகப்பில் வேறு ஏதோ ஒரு மண்டையோடு ஏறியது. மணி உள்ளே ஒரு சின்னப் பெட்டிக்குள் போயிற்று. வெளிநாட்டு அழைப்பு, மிக மரியாதையான வார்த்தைகளில், வாபஸ் ஆயிற்று. "குளிர் நாட்டுக்காரருக்கு ஐஸ் காலத்தைப் பத்திச் சொல்லக் கூப்பிட்டாங்க. நல்ல காலம், மப்ளர் வாங்க முதலே வேண்டாமெண்டுட்டாங்க" என்று சிரித்தார். பகிடிதான். ஆனாலும் அந்த வருடம் அவர் படியேறும்போது பாட்டு முணுமுணுத்து நான் கேட்கவில்லை. ஒரு முறை நான் மெல்லக் கேட்டேன், சொன்னதற்கு வருத்தப்படுகிறீர்களா என்று. "சிவப்புப் போனதுக்கு வருத்தம்தான். சொன்னதுக்கு இல்லை" என்றார். இரண்டையும் அவர் ஒளிக்காமல் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஹெந்தளையில் தங்கச்சியின் வீட்டுக்குக் குடிபோனார். கடலுக்குக் கிட்ட. அங்கே கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. போன தடவை நான் கண்ட தென்னை அடுத்த தடவை இருக்காது. கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், அதற்கும் மேலால் அலை அடிக்கிறது. "ஐஸ் உருகக் கடல் ஏறினபோது அந்தப் பழைய மனிசர் எழும்பி நடந்திட்டாங்க," என்று வாசலில் இருந்து சொல்லுவார். "அவங்களிட்டக் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, மதிலும் இல்லை. மெதுவா ஏறின கடல், மெதுவா நடந்தாக் காணும். நாங்க புகையைக் கக்கிக் கக்கிக் கடலை அவசரப்படுத்தியிட்டு, கையில உறுதியை வைச்சுக்கொண்டு குந்தியிருக்கிறம். எங்க போறது?" நான் பயந்துபோய், நீங்கள் வெள்ளவத்தைக்கு வந்துவிடுங்கள் என்றேன். "அங்கயும் அதே கடல்தானே ஆர்ட்டிஸ்ட் அம்மா!"

பிறகு நாக்கில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. வைத்தியர் சொன்ன சொல்லை நான் எழுத விரும்பவில்லை. வெற்றிலையால் வருவது என்று எல்லாரும் அறிந்ததுதான். நாக்கில் பாதியை வெட்டி எடுத்தார்கள். மூன்று பாஷை பேசிய வாய் இப்போது ஒன்றையும் தெளிவாகப் பேசாது. தங்கச்சிக்கு மட்டும் கொஞ்சம் விளங்கும். செய்தி கேட்ட அன்று நான் வீட்டில் இருந்து, நாக்குத்தானே உங்கட மிஷின் என்று என்றோ சொன்னதை நினைத்து நினைத்து அழுதேன். ஏன் அதைச் சொன்னேன், ஏன் இன்னும் பலமாகச் சொல்லவில்லை, இரண்டும் என்னைக் குடைந்தன.

போன மாதம் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், ஆனால் கண் அதே கண். பித்தளைப் பெட்டியில் இப்போது நூலும் ஊசியும் வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். தங்கச்சி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா உங்களுக்கெண்டு ஒரு சாமான் வைச்சிருக்கிறா. பின்மதிலுக்கு அத்திவாரம் வெட்டேக்க வந்தது. ஒரு கிழமையா ஒருத்தரையும் தொட விடுறாவில்லை" என்றார். மிஸ் யன்னல் விளிம்பிலிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தளவு. சாம்பல் நிறம். ஒரு பக்கம் மண் அப்பியிருந்தது. பார்த்தால் எலும்பு மாதிரித்தான் இருந்தது. அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை விரித்தார். பிறகு என் வாயைக் காட்டினார்.

கையில் அத்தனை ஆயிரம் துண்டுகளை எடுத்துப் பார்த்தவருக்கு, கண்ணால் பார்த்தே தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அதை நான் யோசிக்கவில்லை. இது எலும்பாக இருக்க வேண்டும் ஆண்டவரே, அம்மாளாச்சி, எலும்பாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கழுவவில்லை. அவர் செய்வதுபோலவே சேலைத் தலைப்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டி, நுனியில் வைத்து, கையை எடுத்தேன்.

வழுக்கியது. என் மடியில் விழுந்தது.

எடுத்துத் திரும்ப வைத்தேன். திரும்பவும் வழுக்கியது. மிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் வாய்க்கு அதைச் சோதிக்க வழியில்லை. ஒரு வருத்தக்காரிக்கு ஒரு சின்னச் சந்தோசம், ஆருக்குத் தெரியப்போகுது?

"கல்லு, மிஸ்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னால் வரைய முடியாது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முன்பு மேசையைத் தட்டுவாரே, அதே தட்டு, இப்போது என் கையின்மேல். கல்லை என் மடியிலிருந்து எடுத்து யன்னலால் கடல் பக்கம் வீசினார். தங்கச்சி உள்ளேயிருந்து என்ன என்ன என்று ஓடிவந்தார். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம், நான் அழுதுகொண்டும் இருந்தேன்.

ஹெந்தளையிலிருந்து வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வழி முழுக்க நாக்கில் மண்ணும் உப்பும் கரகரத்தன. போத்தல் நிறையத் தண்ணீர் மடியிலேயே இருந்தது. வாய் கொப்பளிக்க மனம் வரவில்லை.